நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு காலர்கள்

பெரம்பலூருக்கு வடக்கே நாற்கரச் சாலை ஓரத்தில் நிற்கும் பெரிய மாலில், 2023ஆம் வருடம் தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றே காலுக்கு, இரண்டாம் தளத்துச் சட்டைக் கடையில் தொங்கிக்கொண்டும் அடுக்கியும் இருந்த நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு சட்டைகளின் காலர்கள் தாமாக எழுந்து நின்றன. அன்றைக்குக் காற்று இல்லை. இருந்திருந்தாலும் அந்தக் கட்டடத்துக்குள் காற்று வர வழியில்லை. சட்டைகளை யாரும் தொடவுமில்லை. திருமானூருக்குக் கிழக்கே கொள்ளிடக் கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பச்சையம்மாள், வயது நாற்பத்தொன்பது, நகரும் படிக்கட்டின் கடைசிப் படியிலிருந்து வலது காலைத் தூக்கி அந்தத் தளத்தில் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

கட்டடத்தின் நெற்றியில் நீளமான பெயர் ஒன்று எழுதியிருந்தது. அது யாருக்கும் வாயில் நுழையவில்லை. கூரை வெள்ளைத் தகடாக இருந்ததால் இரண்டு மாவட்டத்து ஜனங்களும் வெள்ளைக் கொட்டாய் என்றார்கள். பஸ் கண்டக்டர்களும் அப்படியே கூவி இறக்கிவிட்டார்கள். உள்ளே முந்நூற்றுப் பதினெட்டுக் கடைகள். வெளிநாட்டுக்கென்று தைத்து, வெளிநாட்டுக்காரர் ஏதாவது ஒரு குறை சொல்லிக் கழித்த துணி, செருப்பு, பை, போர்வை எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். பொத்தான் நிறம் ஒரு சாயல் கூடுதல், பையின் ஜிப் அரை விரற்கடை குட்டை என்று அதில் குறை எழுதியிருக்கும். ஜனங்கள் அட்டையை வாசித்து, சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறையைக் கண்டுபிடிக்க முடியாமல் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். திறந்த புதிதில் பாதிப் பேர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் நுழைந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன நிர்வாகம் மூன்றாம் வாரம் ஒரு செருப்பு ஸ்டாண்டு வைத்தது. வெளிச் சாப்பாடு கூடாது என்ற பலகைக்குக் கீழேயே புளிச்சோற்றுத் தூக்கு திறந்தது. கட்டடம் எவ்வளவு பெரியது என்றால், கார்த்திகை மாதத்தில் கூரைக்கு அடியில் ஒரு சிறிய மேகம் சேர்ந்து, மூன்று நாள் பொம்மைக் கடையின் மேல் மட்டும் தூறியது. கடைக்காரர் தார்ப்பாய் கட்டி வியாபாரத்தைப் பார்த்தார்.

பச்சையம்மாள் பதினேழு வருடம் திருப்பூரில் காலர் தைத்தவள். சட்டை தைத்தவள் என்று சொன்னால் தப்பு. ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பை தைப்பாள், ஒருத்தி பொத்தான் துளை போடுவாள். அவள் காலர் மட்டும் தைப்பாள். விறைப்புக்காக உள்ளே கேன்வாஸ் ஒட்டிய துண்டுகளை மிஷினில் ஓட்டி, முனையை ஊசி போலத் திருப்பி, ஓரத் தையல் போட்டு அடுத்த மிஷினுக்குத் தள்ள வேண்டும். நாளைக்கு முந்நூற்றைம்பது. கல்யாணமான புதிதில் புருஷன் ஆண்டவரோடுதான் போனாள். மகள் சத்யப்பிரியா ஆறாம் வகுப்புக்கு வந்ததும், பிள்ளை ஊரில் படிக்கட்டும் என்று ஆண்டவர் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். பச்சையம்மாள் மட்டும் ஒரு அறையில் ஐந்து பெண்களோடு தங்கிவிட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். அவள் தைத்த காலர் எத்தனை தடவை துவைத்தாலும் முனை மடங்காது என்று கம்பெனியில் பேச்சு உண்டு. புதிதாக வந்த பெண்களை அவள் மிஷின் பக்கத்தில்தான் முதல் நாள் நிறுத்துவார்கள்.

2014இல் ஒரு லாட் போயிற்று. வெளிர்நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கட்டம் போட்ட சட்டைகள். கப்பலில் போய், நான்கு மாதம் கழித்துக் கப்பலிலேயே திரும்பி வந்தன. காலர் படியவில்லை, எவ்வளவு தேய்த்தாலும் எழுந்து நிற்கிறது என்று கடிதத்தில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. கேன்வாஸ் மாற்றிப் போட்டுவிட்டாள் என்று எழுதி, பச்சையம்மாளைக் காலர் மிஷினிலிருந்து எழுப்பி, பிசிறு வெட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். நேற்று வந்த பெண்களுக்கு நடுவில் கையில் சின்னக் கத்தரியோடு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊருக்கு வந்துவிட்டாள். இடுப்பு வலி என்று சொன்னாள். ஆண்டவரும் மகளும் நம்பினார்கள். தைலம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தைலத்தை எட்டு வருடம், வலிக்காத இடுப்பில் அவள் தேய்த்தாள். மிஷினைத் தொடவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். ஜவுளிக் கடைக்குள் நுழையமாட்டாள். ஆண்டவருக்குச் சந்தையில் காலர் இல்லாத பனியன் சட்டையாகவே வாங்கி வந்தாள். லாரி ஆபீஸில் அவரைக் கேலி செய்தார்கள். காற்றோட்டமாக இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டார்.

சத்யப்பிரியா அரியலூரில் பி.காம் முடித்து, வெள்ளைக் கொட்டாயின் சட்டைக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி என்பதால் வருகிற லாட்டுகளைப் பார்த்து எதை முன்னால் தொங்கவிடுவது என்று தீர்மானிக்கும் வேலையையும் இரண்டே மாதத்தில் அவளிடம் கொடுத்தார்கள். தாயும் தகப்பனும் வந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நச்சரித்தாள். பச்சையம்மாள் நாற்று என்பாள், கரும்பு வெட்டு என்பாள், இடுப்பு என்பாள். கடைசியில் தை முடியும்போது சொல்வதற்கு வேறு காரணம் அகப்படவில்லை.

திருமானூரிலிருந்து அரியலூர் ஒரு பஸ், பெரம்பலூர் இன்னொரு பஸ், வெள்ளைக் கொட்டாய்க்கு மூன்றாவது பஸ். பத்தேகாலுக்கு இருவரும் கண்ணாடிக் கதவைத் தள்ளினார்கள். குளிர் வந்து முகத்தில் அப்பிக்கொண்டது. ஆண்டவர் துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டினார். போர்வைக் கடையில் ஒரு போர்வையை முகர்ந்து பார்த்தார்கள். செருப்புக் கடையில் பச்சையம்மாள் குதிகால் உயர்ந்த ஒன்றில் காலை விட்டுப் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நாலு எட்டு நடந்தாள். பொம்மைக் கடைத் தார்ப்பாயில் அப்போதும் கொஞ்சம் ஈரம் இருந்தது. நகரும் படிக்கட்டின் முன்னால் பத்து நிமிடம் நின்றார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், ஒருவர் கையை ஒருவர் பிடித்து, முருகா என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு ஏறியது. அவர்களுக்குப் பின்னால் இவர்களும் ஏறினார்கள்.

அவள் கால் வைத்ததும் எழுந்த ஓசை பனிக்காலத்தில் கரைவெட்டி ஏரியிலிருந்து வாத்துக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பும்போது கேட்கிற ஓசைதான். ஆண்டவர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். ஒன்றும் பறக்கவில்லை. எதிரே கண்ணாடிக்குப் பின்னால், சுவர் முழுக்க, வெளிர்நீலச் சட்டைகளின் காலர்கள் நேராக நின்றன. அடுக்கில் இருந்தவை மேலே கிடந்ததை முட்டித் தூக்கிக்கொண்டு நின்றன. பிளாஸ்டிக் உறைக்குள் குண்டூசி குத்திக் கிடந்தவற்றின் ஊசிகள் தெறித்துத் தரையில் மழைபோல விழுந்தன. பச்சையம்மாளுக்குத் துணியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. படிக்கட்டின் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

கடையின் மேலாளர் அரவிந்தன், திருச்சிக்காரன், முப்பது வயது. கெட்டவன் இல்லை, பயந்தவன். மறுநாள் தலைமை ஆபீஸிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. எல்லா இஸ்திரிப்பெட்டிகளையும் எடுத்துவரச் சொன்னான். ஆறு பேர் ஆவி பறக்கத் தேய்த்தார்கள். படிந்த காலர் பெட்டியை எடுத்ததும் எழுந்தது. வாங்க வந்தவர்கள் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு பெண் அந்த நேரத்திலும் விலை கேட்டாள். அரவிந்தன் லாட் காகிதத்தைத் தேடியெடுத்து வாசித்தான். பிறகு பில் மேஜைக்கு வந்தான்.

"இந்த லாட்ட முன்னாடி தொங்க விட்டது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் சத்யப்பிரியா.

"காலர்ல கேன்வாஸ் தப்புன்னு இதுல தெளிவா போட்டிருக்கு. படிச்சியா இல்லியா?"

"படிச்சேன் சார். ஆனா எடுத்துப் பாத்தா தையல் அவ்வளவு நல்லா இருந்துச்சு. இந்தக் கடையில இத்தன சுத்தமா முனை திருப்புன காலரு வேற இல்ல சார். அதான் முன்னாடி வச்சேன்."

"இனிமே நீ வர வேணாம். பைய எடுத்துக்க."

இருபதடி தள்ளி நின்ற பச்சையம்மாள் இதை முழுக்கக் கேட்டாள். முனை திருப்பியதைப் பற்றி மகள் சொன்னதையும் கேட்டாள், கேன்வாஸ் தப்பு என்று அவன் சொன்னதையும் கேட்டாள். எட்டு வருடத்துக்கு முன் தன் மேல் எழுதிய அதே வாக்கியம் இப்போது மகள் மேல் விழுவதைப் பார்த்ததும் அவள் தூணை விட்டாள். கடைக்குள் அவள் நடந்து வரவர, இரண்டு பக்கத்துக் காலர்களும் இன்னும் ஒரு நூல் உயர்ந்தன.

"சார், எம் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தக் காலரு பூரா நான் தச்சது."

சத்யப்பிரியா திரும்பிப் பார்த்தாள். அம்மா திருப்பூரில் தைத்தாள் என்று தெரியும். எதைத் தைத்தாள் என்று இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. ஆண்டவர் காதுத் துண்டை அவிழ்த்தார்.

"என்ன புள்ள சொல்ற? இடுப்பு வலின்னுதானே வந்த?"

"இடுப்புல ஒண்ணுமில்லைங்க. இந்தச் சட்டைக்குத்தான் என்னைய மிஷின விட்டு எழுப்புனாங்க."

"எட்டு வருசமா ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? காலரு நிக்கிதுன்னு சொல்லவா?"

பச்சையம்மாள் பில் மேஜையிலிருந்த கத்தரியை எடுத்தாள். அருகில் இருந்த சட்டையின் காலர் ஓரத்தைப் பிரித்தாள். தையல் அவ்வளவு நெருக்கமாக இருந்ததால் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உள்ளே இருந்த கேன்வாஸை இழுத்து அரவிந்தன் கையில் வைத்தாள். அதன் ஓரத்தில் அச்சடித்த எண்ணும் லாட் காகிதத்தில் இருந்த எண்ணும் ஒன்றுதான். அரவிந்தன் இரண்டு தடவை ஒத்துப் பார்த்தான். கேன்வாஸ் சரி, அளவு சரி, தையல் சரி. பிரித்து எடுத்த வெறுந்துணி அவள் உள்ளங்கையில் நேராக நின்றுகொண்டிருந்தது.

"அப்புறம் ஏம்மா நிக்கிது?" என்று கேட்டான். இப்போது அவன் குரலில் அதட்டல் இல்லை.

பச்சையம்மாளுக்கும் தெரியவில்லை. சட்டையைப் புரட்டி, பக்கத் தையலில் வைத்திருந்த லேபிளைப் பார்த்தாள். தைத்த வருடமும் மாதமும் சின்ன எழுத்தில் இருந்தன. கண்ணுக்கு எட்டவில்லை, மகளிடம் நீட்டினாள். மே மாதம், 2014 என்று சத்யப்பிரியா வாசித்தாள். அம்மாவின் முகம் மாறுவதை அவள் பார்த்தாள்.

"அது நீ பத்தாவது பாஸான மாசம்," என்றாள் பச்சையம்மாள். "பள்ளிக்கொடத்துலயே மொத மார்க்குன்னு உங்கப்பா சூப்பர்வைசர் போனுக்குப் பண்ணாரு. அன்னிக்குத்தான் இந்த லாட்ட ஆரம்பிச்சோம். பதிமூணு நாள் ஓடுச்சு. பதிமூணு நாளும் எனக்கு வேற நெனப்பே இல்ல. நானூத்தி எழுபத்தொண்ணு, நானூத்தி எழுபத்தொண்ணுன்னு சொல்லிக்கிட்டேதான் ஒவ்வொரு காலரையும் திருப்புனேன்."

இஸ்திரிப்பெட்டி ஒன்று உஸ்ஸென்றது. சத்யப்பிரியா பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆண்டவருக்கும் வந்தது. பச்சையம்மாளுக்கு வரவில்லை. எட்டு வருடமாகத் தன் குற்றம் என்று நினைத்திருந்த ஒன்றை அவள் சுவர் சுவராக, முதல்முறையாக, நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தன.

அரவிந்தன் அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினான். "அம்மா, எனக்கு எல்லாம் புரியுது. நாளைக்கு ஆபீஸ்லேருந்து வராங்க. நீங்க சொன்னா இது கேக்கும்னு தோணுது. ஒரு வார்த்த படுக்கச் சொல்லுங்க. உங்க பொண்ணு வேலைக்கு நான் பொறுப்பு."

அவனுக்குத் தோன்றியது சரி. சொன்னால் படுக்கும் என்று பச்சையம்மாளுக்கும் தெரிந்திருந்தது. சொந்த வளர்ப்பு மாட்டைப் பற்றித் தெரிவதுபோலத் தெரிந்திருந்தது. மகளின் வேலை பெரிது. அந்த வேலைக்காகத்தான் பதினேழு வருடமும் போனது. அவள் வாயைத் திறந்தாள். சத்யப்பிரியா முழங்கையை இறுக்கினாள்.

"சொல்லாதம்மா. நிக்கட்டும். வேல போனா வேற வேல."

பச்சையம்மாள் மகளைப் பார்த்தாள், பிறகு மேலாளரைப் பார்த்தாள்.

"நிக்கட்டும் சார்," என்றாள்.

அரவிந்தன் லாட் காகிதத்தை மறுபடியும் புரட்டினான். கூட்டத்திலிருந்து கண்ணையன் என்பவர் முன்னால் வந்தார். வரதராஜன்பேட்டையில் முந்திரி வியாபாரம், மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சட்டை எடுக்க வந்தவர். மூட்டை தூக்கித் தூக்கி முப்பது வருடமாகத் தலை குனிந்தே நடப்பவர். "எனக்கு நாப்பத்திரண்டு எடுங்க தம்பி," என்றார். "தேச்சுக் கீச்சுத் தராதீங்க. நிக்கிறாப்லயே குடுங்க." உடுத்திப் பார்க்கும் அறைக்குள் போய் மாட்டிக்கொண்டு வந்தார். காலர் அவர் பிடரியைத் தொட்டு நின்றது. அதற்கு இடம் கொடுக்கக் கழுத்து நிமிர்ந்தது, கழுத்துக்கு இடம் கொடுக்க முதுகு நிமிர்ந்தது. அவர் மனைவி அண்ணாந்து பார்த்து, இவ்வளவு உயரமா நீங்க என்று கேட்டாள். கண்ணையன் அந்தச் சட்டையோடே மூன்று தளமும் சுற்றிவந்தார். அவர் திரும்பி வருவதற்குள் கடை வாசலில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. அரவிந்தன் குனிந்து இஸ்திரிப்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். சத்யப்பிரியாவைப் பார்த்து, "பில்லப் போடும்மா, ஆளுங்க நிக்கிறாங்க," என்றான்.

மறுநாள் வந்த தலைமை ஆபீஸ்காரர்களுக்குக் கேள்வி கேட்க நேரம் கிடைக்கவில்லை. அவர்களும் மடித்துக் கொடுக்க உட்கார்ந்தார்கள். பத்தொன்பது நாளில் லாட் முடிந்தது. பிரித்த சட்டையைப் பச்சையம்மாள் வீட்டுக்கு எடுத்துப்போய், பக்கத்து வீட்டு மிஷினில் உட்கார்ந்து, எட்டு வருடம் கழித்து ஒரு காலரை மூட்டினாள். அதை ஆண்டவர் போட்டுக்கொண்டு லாரி ஓட்டினார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் இடத்தில் காவலாளி, பார்வையிட வந்த அதிகாரி என்று அவரை நினைத்துச் சல்யூட் அடித்தார். ஆண்டவர் மறுக்கவில்லை.

அடுத்த மாதங்களில் இரண்டு மாவட்டத்திலும் சின்னச் சின்ன மாறுதல்கள் நடந்தன. முடிதிருத்துகிறவர்கள் பின்னந்தலையில் அரை விரற்கடை மேலேற்றி வெட்டப் பழகினார்கள். வண்டியில் துணி தேய்க்கிறவர்கள் வெளிர்நீலக் கட்டம் வந்தால் கையையும் உடம்பையும் மட்டும் தேய்த்துத் தந்தார்கள். செட்டிகுளம் பங்குனித் தேருக்கு வடம் பிடித்தவர்களில் நாற்பது பேர் அந்தச் சட்டையோடு வந்ததால், படம் எடுத்தவர்கள் ஏணி போட்டு எடுக்கவேண்டி வந்தது. ஐப்பசியில் திருப்பூர்க் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் காலர் நிற்கும் சட்டையே வேண்டும் என்று எழுதியிருப்பதாகவும், பழைய மிஷின் காலியாக இருப்பதாகவும் சொன்னார்கள். பச்சையம்மாள் காப்பி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குள் திருமானூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மிஷினோடு கடை போட்டுவிட்டாள். முதல் வருடமே ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கும் வேலை அவளுக்கு வந்தது. பச்சையம்மாள் முழுச் சட்டை தைத்தது அதுதான் முதல் தடவை. பள்ளித் தலைமையாசிரியை வீரம்மாள் கண்டிப்பானவர். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பது ஒழுங்கில்லை என்று முதல் வாரம் ஒவ்வொரு பிள்ளையாகப் போய் அழுத்திவிட்டார். இரண்டாம் வாரம் பிள்ளைகளே தொடவில்லை என்பதைக் கவனித்தார். மூன்றாம் வாரம், அது எப்போது நிற்கிறது என்பதையும் கவனித்தார். அதற்குப் பிறகு எதுவும் சொல்லவில்லை. தினமும் காலை ஒன்பது பத்துக்குப் பச்சையம்மாள் சாவிக் கொத்தும் தூக்குமாகப் பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டிக் கடைக்கு நடந்து போவாள். உள்ளே மைதானத்தில் வரிசையாக நிற்கிற முந்நூற்று நாற்பது பிள்ளைகளின் காலர்களும் ஒன்றாக எழும். வீரம்மாள் டீச்சர் அதைப் பார்த்துத் தலையசைப்பார், மணி அடிக்கும். போன மாசியில் பச்சையம்மாள் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் ஊரில் இல்லை. அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பிறகு பள்ளி ஒன்பது இருபதுக்குத் தொடங்கியது. ஏன் தாமதம் என்று பெற்றோர் யாரும் கேட்கவில்லை.